சார்ஜண்ட் காசிம் கையெழுத்துப் போடவில்லை

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூட ஆபீசுக்குப் புறப்பட்டுச் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே இன்னொரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் காசிம் பாயின் மைத்துனர். நகருக்குள்ளிருந்து விளாங்குடிவரை நிற்காமல் மிதித்து வந்ததில் அவருக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் கொடுத்த பிறகு சொன்னார்: "மச்சான் விடியக்காலம் மவுத்தாயிட்டாங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு அக்கா சொல்லிச்சு."

மார்ச்சளிக் காய்ச்சல், பத்து நாள். ஆஸ்பத்திரியில் மாடியில் கட்டில் ஒதுக்கினார்களாம். காசிம் பாய் படியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "கீழயே ஒரு பாயை விரிங்க சார். அம்புட்டு உசரத்துல எனக்குக் காய்ச்சல் எறங்காது" என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது துக்கம் சொல்ல வந்தவரே சிரித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டு, பிறகு திண்டாடினேன்.

அவரை உங்களில் பலருக்குப் பூட்டுக்கடை காசிமாகத் தெரியும். சாவி தொலைத்தவர்கள் எல்லோரும் அவரிடம் போய் நின்றிருக்கிறோம். "தொலைச்சது எங்க?" என்று அவர் போலீஸ்காரரைப் போலக் கேட்கும்போது திருதிருவென்று விழித்தும் இருக்கிறோம். யுத்த காலத்தில் அவர் நகருக்குத் தெற்கே இருந்த விமானத் தளத்தில் சார்ஜண்டாக இருந்தது சிலருக்குத்தான் தெரியும். அங்கே விமானப் பழுதுபார்க்கும் பிரிவில் நான் ரிக்கார்டு குமாஸ்தா. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார், கோபம் வந்தால் தானியேலு என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அந்தப் பிரிவின் அமைப்பு எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தாளை யாரிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் வெயிலில் கொட்டகை கொட்டகையாக அலைந்தேன். பாய்தான் என்னை ஒரு வேப்பமர நிழலில் உட்காரவைத்து விளக்கினார்.

"கல்யாண வீடு பாத்திருக்கேல்ல மாப்ள? வெளிய ஓடுபாதை ஓரத்துல நிக்கிறாய்ங்களே, தெனம் பெட்ரோல் ஊத்தி, எண்ணெய் பாத்து, டயருக்குக் காத்தடிக்கிறவய்ங்க, அவய்ங்க பந்தி பரிமாறுறவய்ங்க. உள்ள பெரிய கொட்டகை இருக்குல்ல, அது சமையக்கட்டு. இத்தனை மணி நேரம் பறந்தாச்சுன்னா விமானம் அங்க வந்துரும். அக்கக்கா கழட்டிருவாய்ங்க. எஞ்சினுக்கு ஒரு கூட்டம், ஒடம்புக்கு ஒரு கூட்டம், கரண்டுக்கு ஒண்ணு, முள்ளு காட்டுற கடியாரத்துக்கு ஒண்ணு, ரேடியோவுக்கு ஒண்ணு, துப்பாக்கிக்கு ஒண்ணு. ஒருத்தன் சட்டியில அடுத்தவன் கரண்டிய விடக் கூடாது. ஸ்டோர்காரன் மாமியார். சாவி இடுப்புல இருக்கும், கேட்டா இல்லைன்னுதான் மொதல்ல வரும்."

"நான் யாரு பாய்?"

"நீ பத்திரிகை அடிக்கிறவன். உன் தாள்ல அவனவன் செஞ்ச வேலைக்கு அவனவன் கையெழுத்துப் போடணும். எல்லாரும் போட்டப்பறம் இன்ஸ்பெக்டர் பாத்துட்டுக் கடைசிக் கையெழுத்துப் போடுவாரு. அந்த ஆளு எந்தக் கூட்டத்துலயும் சேத்தி இல்ல. எஞ்சினியர் ஆபீசருக்கு மட்டுந்தான் பதில் சொல்லணும். அவரு போடலேன்னா லாட் துரையே வந்தாலும் விமானம் நகராது."

அப்போது அவர் எஞ்சின் கூட்டத்தில் ஃபிட்டர். அடுத்த மாதமே இன்ஸ்பெக்டர் வேலையும் தோளில் சார்ஜண்டுக்குரிய மூன்றாவது பட்டையும் அவருக்கு வந்தன. பரம்பரையாகப் பூட்டுச் செய்த குடும்பத்துக் கை, தடவிப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடும் என்று ஆபீசர் கண்டுகொண்டிருந்தார். கொட்டகை முழுவதும் பாய் அல்வா கொடுத்தார்.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, இந்தப் பட்டையத் திருப்பிக் குடுக்க ஏதாச்சும் ஃபாரம் இருக்கா?"

விஷயம் இதுதான். கொட்டகையிலிருந்து வெளிவருகிற விமானத்தைச் சோதனைக்காக முதல் முறை பறக்கவிடும்போது, கடைசிக் கையெழுத்துப் போட்டவரும் பின் இருக்கையில் உட்கார்ந்து போகவேண்டும் என்பது எங்கள் ஆபீசரின் கட்டளை. காசிம் பாய்க்கு உயரம் என்றால் குலை நடுங்கும். தம் வீட்டு மொட்டைமாடிக்கே ஏறாதவர். அல்வா கொடுத்த பிறகுதான் இந்தக் கட்டளை அவர் காதில் விழுந்திருக்கிறது.

பட்டையைத் திருப்பிக் கொடுக்க ஃபாரம் எதுவும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் சோதித்ததைப் போல யாரும் விமானத்தைச் சோதித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு திருகுமறையையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். தொட்டதையே திரும்பத் தொடுவார். ஃபிட்டர்கள் பல்லைக் கடிப்பார்கள். "என்ன சார்ஜண்ட், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். "உம் மேல இருக்குப்பா. காத்து மேலதான் இல்ல" என்றார். சோதனை ஓட்டம் பத்து நிமிஷந்தான். இறங்கி வந்ததும் தரையில் கால் பாவ அரை மணி நேரம் ஆகும். அதுவரை அவரிடம் யாரும் பேசக் கூடாது.

ஒருநாள் வடக்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அவரும் விமானிதான். கொட்டகையிலிருந்து அன்று வெளிவர இருந்த விமானத்தைத் தாமே சோதனை ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். எல்லாக் கூட்டத்தாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாய் கடைசியாகக் கருவிப் பலகைக்குப் போனார். அந்தப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் சிவப்பு மையால் வரையப்பட்டிருக்கும். கருவியை எடுத்தால் சிவப்பு தெரியும். அன்று ஒரு குறட்டின் சிவப்பு தெரிந்தது.

"நோ பிளையர், நோ சைன், சார்" என்றார் பாய்.

எஞ்சினியர் ஆபீசர் கத்தினார். ஒரு குறட்டுக்காக யுத்தத்தை நிறுத்துவதா என்றார். விமானத்துக்குள் எங்கேயாவது அது கிடந்து, மேலே போனதும் உருண்டு கம்பிகளுக்கிடையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் விறைப்பாக நின்று அதையே மறுபடி சொன்னார். தேடல் தொடங்கியது. எஞ்சின் மூடியைக் கழற்றினார்கள். இருக்கைகளைப் பிடுங்கினார்கள். ஸ்டோர்காரர்கூட இடுப்புச் சாவியை எடுத்து அலமாரிகளைத் திறந்துகாட்டினார்.

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் குறடு என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில், லீவு விண்ணப்பங்களுக்கு அடியில் இருந்தது. காலையில் என் டைப்ரைட்டரில் ஓர் எழுத்துக் கம்பி வளைந்துவிட்டது. நிமிர்த்த எடுத்து வந்தவன் மறந்துவிட்டேன். கூச்சல் கேட்டதும் நினைவு வந்தது. எழுந்துபோய்க் கொடுத்திருக்கலாம். முட்டைமேல் கோழி உட்கார்ந்திருப்பதைப் போல அந்த மேஜையை விட்டு அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களிடம், "இங்கே குறடு எதற்கு வரும்?" என்றுகூடச் சொன்னேன்.

பிறகு ஜன்னல் வழியாக ஒரு காட்சியைப் பார்த்தேன். பாக்கி இருந்தது வால் பக்கத்துக் கூடு மட்டும். ஒடம்புக் கூட்டத்தார் வாயிலிலிருந்தே விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பாயின் விரலும் அதுவரை போகவில்லை. உள்ளே தவழ்ந்து போகும் அளவுக்கு ஒல்லியான ஆள் பாய் ஒருவர்தான். அவர் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். என் இழுப்பறையில் இருக்கும் குறட்டைத் தேடித்தான் அந்த மனிதர் ஏறிக்கொண்டிருந்தார்.

குறட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேரவும், அவர் தலை வெளியே வரவும் சரியாக இருந்தது.

"பாய், குறடு என்கிட்டதான் இருந்துச்சு" என்றேன்.

"அத அப்பறம் பாப்போம் தானியேலு. சார், இங்க வந்து பாருங்க" என்றார்.

வாலைத் திருப்பும் எஃகு வடம் உள்ளே ஒரு கப்பியில் வளைந்து போகிறது. அந்த வளைவில் வடத்தின் இழைகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. வெளியிலிருந்து எந்த விளக்கு அடித்தாலும் தெரியாத இடம். எஞ்சினியர் ஆபீசர் விரலை விட்டுத் தடவினார். இழை குத்தி ரத்தம் வந்தது. கையை எடுத்தவர் அன்று மாலைவரை யாரிடமும் கத்தவில்லை.

பாய் கீழே இறங்கி, குறட்டைத் துடைத்துப் பலகையில் மாட்டினார். கருவிப் பதிவு நோட்டைப் பிரித்தார்.

"எங்க இருந்துச்சு?"

"டிராயர்ல."

"எந்த டிராயர்?"

"பாய், கெடச்சுருச்சுன்னு மட்டும் எழுதுங்க பாய்."

"எங்க கெடச்சுதுன்னு எழுதலேன்னா அடுத்த தடவை எங்கன்னு தேடுறது? எந்த டிராயர்?"

"மூணாவது."

எழுதிவிட்டார். அதன் பலனாக ஓடுபாதை ஓரத்துக் கருவேல முள்ளை ஏழு நாள் வெட்டும்படி எனக்குத் தண்டனை. முதல் நாள் மாலை கை கிழிந்து நின்றபோது, பாய் வீட்டிலிருந்து ஓர் அரிவாளோடு வந்தார். என் பக்கத்தில் வெட்டத் தொடங்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதி மாட்டிவிட்டதும் நீங்க, வெட்ட வாரதும் நீங்களா?" என்றேன்.

"எழுதுனது சார்ஜண்டு. வெட்ட வந்தது காசிம். ரெண்டு பேரும் வேற வேற பிரிவு மாப்ள" என்றார். ஏழு நாளும் வந்தார்.

பெரிய அதிகாரி அவரைக் கௌரவிக்க விரும்பினார். வடத்தை மாற்றியதும், பத்து நிமிஷத்துக்குப் பதில் ஒரு மணி நேரம், பாயின் சொந்த ஊரைச் சுற்றி மேற்கே எழுமலைவரை காட்டிக் கூட்டிவருவதாக உத்தரவு போட்டார். அந்த உத்தரவை டைப் அடித்தவன் நான்தான். பாய் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்கு ஏழு நாள் முள் எவ்வளவோ மேல்.

திரும்பி வந்து அரை மணி கழிந்ததும் கேட்டேன்: "வண்டியூர்த் தெப்பக்குளம் தெரிஞ்சுதா பாய்?"

"தெரிஞ்சுது."

"எப்படி இருந்துச்சு?"

"தண்ணியா இருந்துச்சு."

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து திரும்பியபோது, அவர் மனைவி என்னிடம் பேசவேண்டும் என்பதாக மைத்துனர் வந்து சொன்னார். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அவுக ஏரோப்பிளேன்ல போனதாச் சொல்லுவாக. இந்தத் தெருவுல ஒருத்தரும் நம்பல. மாடியில காயுற துணிய எடுக்க ஏறாத மனுசன் எப்படிப் போயிருப்பாருன்னு கேலி பண்ணுவாக. நானும் சிரிச்சிருக்கேன். நெசமாவே போனாகளா?"

"போனார் அண்ணி. எனக்குத் தெரிந்து பத்தொன்பது முறை. தாளெல்லாம் என் கையால் அடித்தது."

பிறகு, "பயந்தாகளா?" என்றார்.

இழவு வீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சிங்கம்போல் போனார், பயம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கின் நுனிவரை வந்தது. பிறகு பாய் தம் நோட்டில் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்தேன்.

"ரொம்பப் பயந்தார் அண்ணி. பத்தொன்பது முறையும்."

திரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் சின்னதாக, பிறகு அடக்க முடியாமல். உள்ளே இருந்த பெண்கள் திடுக்கிட்டு, என்ன என்ன என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, அவுகளப் பத்தித்தான்" என்று அவர் அழுதுகொண்டே சொல்வது எனக்குக் கேட்டது.

காசிம் பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, நடந்ததை நடந்தபடி சொல்லும் அந்த ஒரு பழக்கந்தான். அன்று அதன்படிதான் சொன்னேன்.