ஒட்டக முடிச்சு

ராணுவத்துக்குப் போவதற்கு முன் அவன் லாரி செட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். மூட்டைகளின் உச்சியில் நின்று அவன் போடும் முடிச்சு, வண்டி குலுங்கக் குலுங்க இறுகுமே தவிர இளகாது. அவிழ்க்கவும் அவன்தான் வர வேண்டும். நெட்டை உடம்பு, நீண்ட கழுத்து. செட்டில் எல்லோருக்கும் அவன் ஒட்டகம். அந்தப் பெயர் ராணுவப் பயிற்சி முகாமுக்கும் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆளெடுப்பில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினான். வயது வரம்பு முடியும் தறுவாய். இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்த அக்கா பழைய இரும்புப் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தாள். அவள் புருஷன், "எங்களையெல்லாம் மறந்துடாதீங்க சார்" என்று விறைப்பாகச் சல்யூட் அடித்தார். "போங்க மாமா" என்றானே தவிர, அவனுக்கும் அது பிடித்திருந்தது.

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் எவனாவது மருத்துவ அறைக்குப் போனால், அவன் சுமையையும் மற்றவர்கள் முறை வைத்துத் தூக்கி ஓட வேண்டும். போனவன் குணமாகும் வரை மைதானத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருப்பான். கொட்டகைக்கு நொண்டிப் பட்டாளம் என்று பெயர். அதனால் நடக்க முடிந்த எவனும் மருத்துவ அறைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

மூன்றாம் வாரம் அவன் வலது கால் எலும்பில், விரல் பட்டால் உயிர் போகிற ஓர் இடம் உண்டாயிற்று. பழைய போர்வையில் ஒரு பட்டை கிழித்து, முழங்காலுக்குக் கீழே சுற்றி, லாரி முடிச்சைப் போட்டான். ஓட ஓட இறுகியது. கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிட்டது. அன்றைக்கு அவன்தான் முதலாவதாக வந்தான்.

"எனக்கும் ஒண்ணு போட்டு விடுடா ஒட்டகம்" என்று பக்கத்துக் கட்டில்காரன் காலை நீட்டினான்.

"கூலி என்ன தருவ?"

"ராத்திரி உன் காலைப் பிடிச்சு விடறேன். போதுமா?"

பிறகு ஒவ்வொருவனாக வந்தார்கள். எல்லோருக்கும் கட்டச் சொல்லிக் கொடுத்தான். நாலு பேர் தன் வாயைப் பார்த்து நின்றது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

பயிற்சி பாதியைத் தாண்டியபோது, காலை ஓட்டத்தில் கால் மடங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம் பின்னால் வந்தவனுக்கும் கேட்டது.

பெண் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மயிரிழை விரிசலா இருந்திருக்கு. அப்பவே வந்திருந்தா கொஞ்ச நாள் ஓய்வு, அடுத்த பேட்ச்ல சேர்ந்திருப்ப. ஓடி ஓடி ஒடைச்சிருக்க."

"இப்ப என்ன வழி மேடம்?"

"ஆபரேஷன் பண்ணித் தகடு வெச்சா நேரா நடப்ப. ஆனா தகடு வெச்சவனை இங்க வெச்சுக்க மாட்டாங்க. இல்லன்னா மாவுக்கட்டோட கொட்டகையில கிட. நல்லாக் கூடினா அடுத்த பேட்ச், மொதல்ல இருந்து. கோணலாக் கூடினா வேலையும் போச்சு, நடையும் போச்சு. என்னைக் கேட்டா, தகடு வெச்சுக்கோ."

அக்காவும் போனில் அதையே சொன்னாள். "வெச்சுக்கிட்டு வந்துடுடா. இங்க சோத்துக்கா பஞ்சம்?"

"வந்து?"

"வந்து... நடப்ப."

"நடந்து எங்க போறது?"

அவன் மாவுக்கட்டுக்குச் சம்மதித்தான்.

கொட்டகையில் உட்கார்ந்தபடி செய்கிற வேலைகள் இருந்தன. மைதானத்து ஓரக் கற்களுக்கு வெள்ளை அடித்தான். குண்டு துளைத்த இலக்குப் பலகைகளுக்குக் காகிதம் ஒட்டினான். காலைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். அது அவனுக்குப் புதிதல்ல.

ஒரு நாள் அடுத்த பேட்ச்சிலிருந்து ஒருவனை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் வியர்வை, ஆனாலும் பெருமை குறையவில்லை.

"ஒட்டக முடிச்சு போட்டு ஒரு வாரம் ஓடினேண்ணே. உங்க பேட்ச்ல கிடையாதா?"

மருத்துவ உதவியாள் கத்தரிக்கோல் எடுத்தான். "வேண்டாம்" என்று இவன் குனிந்து, நுனியைத் தேடி, ஒரே இழுப்பில் அவிழ்த்தான். கீழே கால் நீலம் பாரித்திருந்தது. கட்டத்தான் அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அவிழ்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஊன்றுகோலோடு பயிற்சி வாத்தியாரிடம் போனான். "அந்த முடிச்சைப் போட வேண்டாம்னு சொல்லுங்க வாத்தியாரே."

"நானா போடச் சொன்னேன்?"

"நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"முன்னெல்லாம் கொட்டகையில இடமே இருக்காது. இந்தத் தடவை நீயும் அவனும்தான். மேலிடத்துல என்னைப் பாராட்டிட்டுப் போயிருக்காங்க. நீ போய் உன் காலைப் பாரு."

மாவுக்கட்டை வெட்டிய அன்று, டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி வேறு யாருடையதோ போல் கிடந்தது.

இனி உச்சி ஏற முடியாது. கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுக்கலாம் என்று லாரி செட்டில் மாமா சொல்லி வைத்திருந்தார். இரும்புப் பெட்டியோடு முகாம் வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது, புது பேட்ச் அவனைக் கடந்து ஓடியது. அவன் முகங்களைப் பார்க்கவில்லை. கால்சட்டைகளுக்குள், முழங்காலுக்குக் கீழே, பலருக்கும் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு.

வரிசை கலையாமல் போனது. ஒருவனும் நொண்டவில்லை.