மெர்டன் அணைத்து வைத்த ரேடியோ

கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் சிங்கி இறால் பிடிக்கிற எங்களுக்குப் படகு ரேடியோதான் வம்பு மடம். கூண்டு தூக்கியபடியே ஒருவரை ஒருவர் வாருவோம். அதில் மெர்டனை மிஞ்ச ஆளே கிடையாது. அவன் வாயில் விழாத படகு துறையில் இல்லை, என் படகு உட்பட.

அவன் மகன் லைல் அவனோடுதான் வேலை செய்தான். சூட்டிகையான பையன். ஒரு குளிர்காலத்தில், “அப்பா, ரேடியோல எல்லாரும் என்னையே பேசுறாங்க” என்றான்.

“பேசாம இருப்பாங்களா? நேத்து கயித்துல கால் மாட்டி விழுந்தியே, அத நான்தான்டா சொன்னேன். எல்லாப் படகும் சிரிச்சுது!”

வேறு ஊர் அப்பனாக இருந்தால் பயந்திருப்பான். எங்கள் ஊரில் ரேடியோவில் பேச்சு வாங்குவது அன்றாட நடப்பு. லைல் சரியாகச் சாப்பிடாமல், வீட்டிலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது அவன் அம்மா வெர்னாதான் முதலில் பயந்தாள். முதன்முறையாக மனம் குழம்புகிறவர்களுக்கென்றே பக்கத்து நகர ஆஸ்பத்திரியில் ஒரு குழு இருந்தது. சீக்கிரம் போனால் மீட்பது சுலபம் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

“வீட்ல ஏது ரேடியோ? இங்கயும் அவனுக்குக் கேக்குதே, மெர்டன்!”

“சீசன் முடியட்டும். கூண்டெல்லாம் கரையேறினதும் நானே கூட்டிட்டுப் போறேன். இப்பவே ஊர் வாயில விழணுமா?”

ஊர் வாயில் பாதி அவனுடையது. மீதி எங்களுடையது.

சீசன் முடியும்வரை நோய் காத்திருக்கவில்லை. ஏப்ரலில் ஒரு காலை லைல் ரேடியோவைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு, கூப்பிடுகிறார்கள் என்று பின்னாலேயே குதித்தான். மெர்டன் கொக்கியால் சட்டையை மாட்டி இழுத்துப்போட்டு, நேராக அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

“ஆரம்பத்துலயே வந்திருந்தா...” என்று தொடங்கிய அந்தக் குழுவின் நர்ஸ், மெர்டனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாளாம். திட்டியே இருக்கலாம் என்பேன் நான். அந்தக் குழு பாடுபட்டதில் லைல் பெருமளவு மீண்டான். குரல்கள் மட்டும் முழுதாகப் போகவில்லை.

புது ரேடியோவை மெர்டன் ஆபத்துக்கு மட்டும்தான் போடுகிறான். போன வாரம் கைகொடுக்க அவன் படகில் ஏறியிருந்தேன். இறால் கொடுக்குகளுக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்த லைல் சட்டென்று நிமிர்ந்தான்.

“அப்பா, ரேடியோ ஓடுதா?”

நர்ஸ் பழக்கிய கேள்வி அது. ஓடாதபோதும் குரல் கேட்டால் அது நோய்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அப்பன் பொய் சொல்லக் கூடாது.

மெர்டன் திரும்பி ரேடியோவின் பொத்தானைப் பார்த்தான்.

“இல்லப்பா.”

“சரிப்பா” என்று லைல் அடுத்த இறாலை எடுத்தான்.

எல்லாப் படகையும் சிரிக்க வைத்தவன், மகன் பக்கத்தில் உட்கார்ந்து வளையம் மாட்டத் தொடங்கினான்.