சிறைவாசலில் தூக்குவாளி

ஜக்கம்மாள் பதினெட்டு வருஷம் ஒரு கிளைச்சிறையில் பெண் காவலாளியாக இருந்தாள். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர்ச் சிறை என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்குப் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள், அவர்கள் பொழப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும். சிறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், நாலு அறை, கோர்ட்டில் வழக்கு முடிகிற வரைக்கும் ஆட்களை அடைத்துவைக்கிற இடம். மூன்று அறை ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு.

ஆண்கள் அறை மூன்றிலும் கால் நீட்ட இடம் இருக்காது. பெண்கள் அறையில் விறகு அடுக்கியிருப்பார்கள். என்றைக்காவது ஒரு பெண்ணைப் பிடித்துவந்தால்தான் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் போவார். அங்கே கொடிக்கு அடியில் வேண்டாத கிளைகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருக்கும் ஜக்கம்மாளைக் கூப்பிடுவார். அவள் வந்து முதல் வேலையாக விறகைத் தூக்கி வெளியே போடுவாள். உள்ளே பெண் இருக்கிற நாளுக்கு மட்டும்தான் அவளுக்குக் கூலி. அந்தப் பெண் வெளியே போனால் இவளும் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1977-இல் அவள் எனக்காக அந்த விறகைத் தூக்கிப் போட்டாள். என் பெயர் கருத்தம்மாள். சாராயம் காய்ச்சியதாக வந்த கேஸில் நான்தான் குற்றவாளி.

நான் காய்ச்சவில்லை. காய்ச்சியது என் புருஷன் சுருளிவேல். அவன் என்றே எழுதுகிறேன், மரியாதை கொடுத்ததெல்லாம் போதும். மலையடிவாரத்து ஓடையில் இரண்டு பானை ஊறலோடு போலீஸ் வளைத்தபோது அவன் ஓடிவிட்டான். அவன் மேல் ஏற்கெனவே இரண்டு கேஸ், ஒன்றில் பிடிவாரண்டும் இருந்தது. மூன்றாவதும் சேர்ந்தால் மதுரை ஜெயில்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணை ஸ்டேஷனுக்கு அனுப்பி, நான்தான் காய்ச்சினேன் என்று சொல்ல வைப்பார்கள். பெண்பிள்ளை, அதுவும் முதல் தடவை என்றால், கோர்ட் கலைகிற வரைக்கும் நிற்கச் சொல்லி அபராதம் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது நம்பிக்கை. சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் தலைகாட்டி வருவது மாதிரி இதையும் ஒரு முறையாகவே நடத்தினார்கள். என் மாமியார் கஸ்தூரியம்மாள் எனக்குத் தலைசீவிப் பூ வைத்து அனுப்பினாள். பூ எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வக்கீல் குமாஸ்தா அம்மாவாசி ஸ்டேஷன் வாசலிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"மாஜிஸ்ட்ரேட் கேட்டா, 'ஆமாங்கய்யா, வயித்துப்பாட்டுக்குச் செஞ்சுட்டேன்'னு சொல்லிரும்மா. வேற ஒரு வார்த்தை பேசிராத."

கேஸ் கோர்ட்டுக்கு வருகிற வரைக்கும் என்னைக் கிளைச்சிறையில் அடைத்தார்கள். மறுநாள் காலையில் ஜக்கம்மாள் அறைக்கு வெளியே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். என் வயதுதான் அவளுக்கும் இருக்கும்.

"என்ன கேஸு?"

"சாராயம்."

"நீயா காய்ச்சுன?"

"ஆமா."

"ஊறலுக்கு என்னென்ன போட்ட?"

நான் யோசித்தேன். "வெல்லம், பட்டை, கொஞ்சம் சீரகம்."

"சீரகமா?" அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கடைசில தாளிச்சுக் கொட்டுனியா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்குமேல் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

அவள் கதையும் சிறைவாசலில்தான் தொடங்கியது. அவள் புருஷன் வீரணன் ஏலக்காய் மூட்டை திருடுகிறவன். அவன் உள்ளே போகும்போதெல்லாம் இவள் தூக்குவாளியில் சோறு கொண்டு போவாள். விசாரணைக் கைதிக்கு வீட்டுச் சோறு கொடுக்கலாம் என்று விதி இருந்தது. 1966-இல் ஒரு நாள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்துவிட்டார்கள், காவலுக்குப் பெண் இல்லை. "நீதான் தெனமும் வாறியே, நீயே உக்காரு" என்று வாசலில் நின்ற ஜக்கம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். அப்படி உட்கார்ந்ததுதான் வேலை. அன்றைக்கு எதிர் அறையில் இருந்த வீரணன், கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைக் கம்பி வழியாக வீசினான். குழம்பு அவள் சேலையில் தெறித்தது. அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். மறுநாளிலிருந்து சோறு கொண்டு வரவில்லை.

"அதுக்குப் பெறகு திருந்துனாரா?" என்று கேட்டேன்.

"அவனா? மலையேறிக் கேரளத்துக்குப் போயிட்டான். அங்கன சோறு கொண்டுபோக ஒருத்தி கெடைச்சிருப்பா."

சுருளிவேல் உள்ளே இருந்த இரண்டு தடவையும் நானும் வெயிலில் நடந்து சோறு கொண்டுபோனவள்தான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே வாசலில், அதே வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறேன். இப்போது நான் உள்ளே. ஒரு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று, ஆறு நாள் ஆயிற்று. எனக்கென்று ஒரு தூக்குவாளியும் வரவில்லை. ஒளிந்திருக்கிறவன் வரமாட்டான், சரி. அவன் அம்மா வரலாமே, அவன் தம்பி வரலாமே. நான் சர்க்கார் சோற்றைத் தின்றுகொண்டு, வீட்டில் என் இரண்டு பெண்பிள்ளைகளும் என்ன தின்றார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் மதுரையிலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். நெருக்கியடித்த மூன்று அறைகளைப் பார்த்துவிட்டு, நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்த அறைக்கு வந்தார்.

"பொம்பளைங்க எல்லாம் நல்லவங்கதான் போல" என்று சிரித்தார்.

ஜக்கம்மாள் எழுந்து நின்றாள். "அப்பிடி யாருங்கய்யா சொன்னாக? என் ஓரகத்தி மண்டையை ஒடைக்கணும்னு எனக்குப் பத்து வருசமா ஆசை."

"அப்புறம் ஏன் உடைக்கலை?"

"ஒடைச்சா இங்கன வந்து உக்காரணும். எனக்கு யாருங்கய்யா சோறு கொண்டாருவா? புள்ளைகளை யாரு பாப்பா? அந்தா வாசல்ல நிக்கிறவுகளப் பாருங்க. அம்புட்டும் பொம்பளைக. தூக்குவாளியோட ஒரு ஆம்பளை நிக்கிறானா? நாங்க கொண்டாற சோத்துலதான் இவுக தைரியமெல்லாம் இருக்கு. இந்தா இருக்காளே, இவளும் அவ புருசனுக்காகத்தான் வந்திருக்கா. எழுதிக்கிறதுன்னா எழுதிக்கங்க."

அவர் எழுதினார். அந்த அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று எழுதினார்.

அவர் போன பிறகும் ஜக்கம்மாள் சொன்ன அந்தச் சோற்றுக் கணக்கு என்னை விடவில்லை. அவன் காய்ச்சுவதற்கு விறகு பொறுக்கிப் போட்டது யார்? நான்தான். அவன் உள்ளே போனபோது ஊராரிடம், 'என் புருஷன் தங்கம், போலீஸ்தான் பொய்க் கேஸ் போட்டுட்டாக' என்று சண்டை பிடித்தது யார்? அதுவும் நான்தான்.

"நான் கோர்ட்டுல என்ன சொல்லட்டும்?" என்று ஜக்கம்மாளிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். நீ உள்ள இருந்தா எனக்குக் கூலி" என்றாள். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "அன்னத்தாய்னு ஒருத்தி. அண்ணங்காரனுக்காக மூணு வாட்டி வந்தா. மூணாவது வாட்டி, 'இவளுக்கு இதே தொழில்'னு ஒரு வருசம் போட்டுட்டாக. அவ அண்ணன் இன்னமும் காய்ச்சுறான்" என்றாள்.

பதினோராம் நாள் கோர்ட். அம்மாவாசி வாசலில் பிடித்துக்கொண்டார். "ஒங்க மாமியா சொல்லச் சொன்னாக. ஏதாவது மாத்திப் பேசுனா வாசப்படி மிதிக்கக் கூடாதாம், புள்ளைகளையும் பாக்க முடியாதாம்."

கூண்டில் ஏறினேன். ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"இல்லைங்கய்யா. எனக்குக் காய்ச்சத் தெரியாது. ஊறலுக்குச் சீரகம் போடணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தவ நான்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "அப்படின்னா யார் காய்ச்சினது?"

"எம் புருசன் சுருளிவேல். அந்தா வராந்தாவுல வெத்தலை போட்டுக்கிட்டு நிக்கிறாக."

அவனுக்கு நான் கொடுத்த கடைசி மரியாதை அதுதான். வாரண்டு இருப்பவன் எதற்குக் கோர்ட்டுக்கு வந்தான் என்று கேட்பீர்கள். நான் ஒப்புக்கொள்வேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம். கேஸ் முடிந்ததும் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறாக்கச் சொல்ல வந்திருந்தான். வெற்றிலையைத் துப்புவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளைப் பிடித்துவிட்டார்கள்.

என்னைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள். ஆறு மாதத்தில் என் கேஸும் தள்ளுபடியானது. ஜாமீனில் வந்த அன்றைக்கே மாமியார் சொன்னபடி கதவைச் சாத்தினாள். நான் நடுத்தெருவில் நின்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஊர் கூடிவிட்டது. சாயங்காலம் வரைக்கும் நான் நகரவில்லை. கடைசியில் பெரியவள் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்துவிட்டாள். மூன்று பேரும் டவுன் பஸ் ஏறிக் காமயகவுண்டன்பட்டிக்குப் போனோம். எனக்காகக் கூலியை இழந்த ஜக்கம்மாள்தான் எனக்குத் தோட்டத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் அவள் 1984 வரைக்கும் அந்தச் சிறைக்குப் போய்வந்தாள். சாராயக் கேஸில் எந்தப் பெண் வந்தாலும் முதல் கேள்வி, ஊறலுக்கு என்ன போட்ட என்பதுதான். சிலர் ஒப்புக்கொண்டு போனார்கள், சிலர் என்னைப் போல வாயைத் திறந்தார்கள். ஒரு கைதி குறைந்தால் அவளுக்குச் சில நாள் கூலி குறையும். அதற்காக அவள் கேள்வியை நிறுத்தியதில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. 1977-இல் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அம்மாவாசி தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"சுருளிவேலுக்குச் சர்க்கார் சோறு எறங்கலையாம். நடந்தது நடந்துபோச்சு, கருவாட்டுக் குழம்பு வச்சு நாளைக்குக் கொண்டாறச் சொன்னாப்ல."

ஜக்கம்மாள் தலை நிமிரவில்லை, கவாத்துக் கத்தரி மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது. நான் சரி என்று தலையாட்டி அவரை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நல்ல மஞ்சவாளைக் கருவாடு, கத்தரிக்காய் போட்டு. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மீதியைத் தூக்குவாளி நிறையச் சோறும் குழம்புமாக எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மத்தியானம் கொடிக்கு அடியில் உட்கார்ந்து நானும் ஜக்கம்மாளும் அதைத் தின்றோம். உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லி அவள் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள்.