துடைத்த எஞ்சின்

யசிந்தா அக்காவின் அலுவலகத்தில் கணினிச் சேர்வரைக் கையளிக்கிற நேரத்தில் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ஆசீர்வதிக்க வந்த சுவாமியார் கதிரையில் இருக்கிறார், மேசையில் பொரித்த பற்றிஸ் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த வேலை கைவிட்டுப் போனால் எங்கள் யாழ்ப்பாணக் கிளையை மூடிவிடுவோம் என்று கொழும்பு முதலாளி முதலே சொல்லியிருந்தார்.

அக்கா குருநகரில் மீன் ஏற்றுமதி செய்பவர். அவருக்குக் கொடுக்கிற புதுச் சேர்வரை எங்கள் கணினிக் கடையில் வைத்துத்தான் சோதித்தோம். மூடியைத் திறந்து மெமரி போடுவோம், ஃபானைக் கழற்றிப் பார்ப்போம், இரண்டு பவர் சப்ளையில் ஒன்றை இழுத்துவிட்டு மற்றது தாங்குகிறதா என்று பார்ப்போம். சேர்வர் விடாமல் எல்லாவற்றையும் பிழை என்று தன் ஈவென்ட் லொக் என்கிற பதிவேட்டில் எழுதிவைக்கும், முன்னால் மஞ்சள் லைற்றும் எரியும். ஆகவே கையளிக்குமுன் லொக்கை ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு அழித்துவிடுவோம். பிறகு வருகிற பிழைதான் மெய்யான பிழை என்று வாங்கியவருக்குத் தெரியவேண்டும் அல்லவா? அழித்ததும் ஒரேயொரு வரி மிஞ்சும்: லொக் அழிக்கப்பட்டது.

அக்காவின் கண் நேரே திரையில் அந்த வரியில் போய் நின்றது.

“என்னத்தைத் தம்பி அழிச்சனீங்கள்?”

எங்கள் வழமை அக்கா என்றேன். சும்மா இருந்திருக்கலாம். அவருடைய தமையனுக்கு யாரோ பழைய வள்ளத்து எஞ்சினுக்குப் பெயின்ற் அடித்துப் புதிது என்று விற்றானாம், அது நடுக்கடலில் நின்றுவிட்டதாம்.

“துடைச்ச எஞ்சினைத்தான் நாங்கள் முதல்லை சந்தேகப்படுறது” என்றார்.

நல்ல காலம், கொப்பி என் லப்டொப்பில் இருந்தது. ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினேன். வாசித்தது காணும், செய்து காட்டுங்கோ என்றார். ஒரு பவர் சப்ளையின் வயரை இழுக்கக் குனிந்தேன். அதற்கும் விடவில்லை, என்னை விலக்கிவிட்டுத் தானே இழுத்தார்.

சேர்வர் கீச்சென்று கத்தியது. சுவாமியார் எழுந்தேவிட்டார். மஞ்சள் லைற் எரிந்தது, ஆனால் சேர்வர் நிற்கவில்லை. கொப்பியில் இருந்த அதே வரி திரையிலும் வந்தது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவாமியாரும் வடிவாகப் பார்க்கவேண்டும் என்று இன்னொருமுறை செருகி இழுத்தார்.

கையெழுத்துப் போட்டார். புனித நீரை மட்டும் கதவோடு நிறுத்தச் சொல்லிச் சுவாமியாரைக் கெஞ்சினேன், அவரும் சிரித்துக்கொண்டு அப்படியே செய்தார். கிளை தப்பியது. எனக்கு அழுகை வரப்பார்த்தது, பற்றிஸைக் கடித்துச் சமாளித்தேன்.

இப்போதெல்லாம் வாங்குகிறவரைப் பக்கத்தில் இருத்தி, கொப்பியை அவர் கையில் கொடுத்த பிறகுதான் லொக்கை அழிக்கிறேன். அதற்கு முதல் ஒரு பவர் வயரை அவரையே இழுக்கச் சொல்வேன்.

அன்று புறப்படுமுன், பழக்கத்தில் மறுபடியும் லொக்கை அழிக்கக் கை வைத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“அதை விடுங்கோ தம்பி. அது நான் இழுத்தது.”