அது வளைவு வாந்தி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஜாரில் பீன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். "மேடம், நீங்கதானே வாரா வாரம் எழுதறது?" என்று ஓர் அம்மா வந்து நின்றார். ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்தவராம். என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். சரி, சந்தோஷம்! இதெல்லாம் பிடிக்காது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

அடுத்து அவர் கேட்டதுதான் தூக்கிவாரிப் போட்டது. "மூளையில வீக்கம் வந்தா இயற்கையா என்ன கொடுக்கலாம்னு ஒரு வாரம் எழுதுங்களேன். நீங்க எழுதின வல்லாரை ஜூஸை கட் பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்."

"முதல்ல அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க" என்றேன். ஜோக் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வல்லாரை பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதியவள் நான்தான். ஆகவே, அதற்கப்புறம் என்ன நடந்தது என்று சொல்லவேண்டியவளும் நான்தான்.

என் பக்கத்து வீட்டில் இருப்பவள் ஆரோக்கியமேரி. வயது நாற்பத்திரண்டு. ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் சமையல் வேலை. அவள் கணவர் செபாஸ்டியன் ஜீப் ஓட்டுகிறார். நாங்கள் ஓய்வு பெற்று ஏற்காட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி – முதல் குரல் மேரிக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் சேலம் போனாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி வந்தவள், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். மண்டையைப் பிளக்கும் தலைவலி. உடம்பு வேறு சுட்டது.

இந்த ஊரில் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கி வாந்தி எடுத்தால் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும்போது வேறு காரணம் எதற்கு? எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார், கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்போம். காய்ச்சலா? அது பனி. மேரிக்கும் அதையேதான் சொன்னோம். நானும் சொன்னேன். பனி இறங்குகிற நேரத்தில் தலையில் துண்டு இல்லாமல் வந்திருக்கிறாயே என்று திட்டவும் செய்தேன்.

சனிக்கிழமை சீசன் கூட்டம். செபாஸ்டியன் விடியும் முன்பே டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பார்த்துக்கொள்வது என்றால் எனக்கு என்ன தெரியும்? வல்லாரையை அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, தேன் ஊற்றி ஒரு டம்ளர் கொண்டுபோனேன். தலைக்கு நல்லது என்று பத்திரிகையிலேயே எழுதியவள் அல்லவா!

மேரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சிஸ்டர், பிள்ளைங்க எல்லாம் சாப்புட்டாச்சுங்களா?" என்றாள்.

அவள் வேலை செய்கிற ஹாஸ்டலின் சிஸ்டர் என்று என்னை நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். கன்னியாஸ்திரி ஆகிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சாயங்காலம் இன்னொரு டம்ளர் கொடுத்தேன். பாதி வாயோரமாக வழிந்தது. துடைத்துவிட்டு, "தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை செபாஸ்டியன் எங்கள் கதவைத் தட்டினார். "மேரிக்கு இன்னும் காச்ச உடலீங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகவா, வேண்டாமான்னு தெரியலை." நான் எழுந்து போய்க்கொண்டே ஒப்புக்குக் கேட்டேன் – "அவளுக்கு எப்பவும் பஸ்ல வாந்தி வருமா?"

"ஏனுங்க அக்கா, அவ இந்த மலையிலயே பொறந்தவங்க. வாழவந்தி ஊருக்காரி. எத்தனையோ தடவை எறங்கி ஏறியிருக்கா. ஒருக்காகூட வாந்தி எடுத்ததில்லீங்க."

சொல்லிவிட்டு அவரும் நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமையே தோன்றியிருக்க வேண்டிய விஷயம் இது. எங்கள் இரண்டு பேருக்குமே அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனால், மேரியின் வலது கை விரல்கள் தானாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. "மேரி, நான் யாரு?" என்று கேட்டார் செபாஸ்டியன். அவள் அவரைப் பார்த்தாள். பதிலில்லை. கல்யாணமாகி இருபது வருஷம்... பயந்துவிட்டேன் என்று சொன்னால் போதாது.

அவருடைய ஜீப்பிலேயே மலை இறங்கினோம். பின் சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஏறிவருகிற வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு ஓட்டினார் மனிதர்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி. காய்ச்சல் எப்போதிலிருந்து? பேச்சு எப்போது மாறியது? முதல் கேள்விக்கு செபாஸ்டியன் பதில் சொன்னார். இரண்டாவதற்கு அவர் என்னைப் பார்த்தார். "நேத்துக் காலையில" என்றேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மூளையில் வீக்கம். வைரஸ் கிருமியால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு அது உறுதியானது. "இதுல எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோம்கிறதுதான் முக்கியம். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?"

கொடுத்ததைச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஜூஸால வீக்கம் கூடலை, குறையவும் இல்லை. ஒரு நாள் போச்சு. நினைவு சரியா இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எனக்கு ஒன்று தெளிவானது. இயற்கை வைத்தியம் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நல்லது என்பதால் மட்டும் இல்லை... உடனே கையால் ஏதாவது செய்துவிடலாம். செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் போகலாம். நான் அப்படித்தான் தூங்கினேன்.

மேரி பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் செபாஸ்டியனைப் பார்த்து, "ஏனுங்க, சவரம் பண்ணலீங்களா?" என்று கேட்டாளாம். வார்டு வாசலில் நின்று அந்த மனிதர் அழுதார். நானும்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் கேட்டேன் – இனிமேலாவது இயற்கையாக ஏதாவது செய்யலாமா? "தாராளமா. முதல்ல நல்லாத் தூங்கவிடுங்க" என்றார். தூக்கம், மெதுவான நடை, வழக்கமான சாப்பாடு, குடிக்கத் தண்ணீர். சாமைச் சோறு, கீரை, பருப்பு, மீன் எல்லாம் சரி. மஞ்சளும் மிளகும் குழம்பில் இருக்கட்டும். மருந்து என்ற பெயரில் உருண்டை, லேகியம், ஜூஸ் கொடுப்பதாக இருந்தால் கேட்காமல் கொடுக்கக்கூடாது. விரல் இழுத்ததற்காகக் கொடுத்திருக்கும் வலிப்பு மாத்திரையோடு எது சேரும், எது சேராது என்று நமக்குத் தெரியாது. அவ்வளவுதான். இதை வைத்து ஒரு வாரப் பத்தி எழுத முடியுமா, சொல்லுங்கள்?

ஆனால் இதில் கஷ்டமானதே தூக்கம்தான். நம் ஊரில் நோயாளியைத் தூங்கவிடுவார்களா? பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு கரடியூரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஜெபக் கூட்டத்துப் பெண்களும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள் – "நான் யாருன்னு சொல்லு கண்ணு, பாக்கலாம்?" தெரிந்த முகம்தான். பெயர் நாக்குக்கு வர நேரமாகும். அதற்குள் அவர்கள் "அய்யய்யோ, என்னைய மறந்துட்டாளே" என்று மூக்கைச் சிந்துவார்கள். அதைப் பார்த்து அவளும் அழுவாள். ஒரு நாள் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். யார் வந்தாலும், "வாங்க. உங்க பேரைச் சொல்லிட்டு உள்ள போங்க" என்றேன். சிலருக்குக் கோபம். இருக்கட்டுமே!

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மேரி அரை நாள் வேலைக்குப் போகிறாள். முன்பெல்லாம் கையால் அள்ளிப் போடுகிற உப்பு அத்தனை பிள்ளைகளுக்கும் கச்சிதமாக இருக்குமாம். இப்போது ஸ்பூனால் அளக்கிறாள். போட்டாச்சா, இல்லையா என்று மறுபடி யோசிக்கிறாள். அந்தக் கைக்கணக்கு திரும்பி வருமா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு தலைவலி, வாந்தி வந்து, பேச்சோ நடத்தையோ கொஞ்சம் மாறினால்கூட, மிக்ஸியை எடுக்காதீர்கள். வண்டியை எடுங்கள்.

போன வாரம் என் வீட்டுச் சமையலறையில் இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மேரி சொன்னாள்: "அந்தச் சனிக்கிழமை நாள் முச்சூடும் நீங்கதான் என்னைய நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு அவரு சொன்னாருங்க அக்கா. நொம்ப சந்தோசமுங்க."

இதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "பாத்துக்கலை மேரி. நீ என்னை சிஸ்டர்னு கூப்பிட்டே. உன் பேச்சு மாறினது எனக்குத் தெரிஞ்சுது. நான் சிரிச்சுட்டு, ஜூஸைக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். "அந்த நாளே எனக்கு ஞாபகம் இல்லீங்க அக்கா. உடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

அவளுக்கு ஞாபகம் இல்லை... அதனால் அந்தச் சனிக்கிழமையை நான்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.