ஏகாம்பரம் அண்ணன் இலங்கை பார்த்தார்

டிராவல்ஸ் நடத்துகிறவனுக்குச் சொந்தமாகக் கால் வலி என்று ஒன்று கிடையாது. ஊரார் கால் வலியெல்லாம் அவனுடையதுதான். மழை பெய்தால் அவன் குற்றம், வெயில் அடித்தால் அவன் குற்றம், போன இடத்தில் சாம்பாரில் உப்பு குறைந்தால் அதுவும் அவன் குற்றம். மருந்துக் கடையோ மாவு மிஷினோ, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற யாராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை மாடியில் என் ஆபீஸ். திருப்பதி, ராமேஸ்வரம், ஆடி மாதம் படவேடு என்று வேன் விட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். திடீரென்று ஊருக்கு இலங்கைப் பைத்தியம் பிடித்தது. அங்கே கஷ்டகாலமெல்லாம் போய்விட்டது, இந்தியாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். மலை ரயில் வாசலில் தொங்கியபடி ஒரு பெண் தலைமுடியைப் பறக்கவிடும் ரீல்ஸைக் காட்டி, "இந்த ரயிலுக்கு டிக்கெட் போடுவியா?" என்று இன்னொருவர் கேட்டார். சரி, ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் ஒரு பேனர் கட்டினேன்.

என் முதல் வெளிநாட்டு குரூப்பில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் ஏகாம்பரம் அண்ணன். பட்டுப் புடவை மொத்த வியாபாரி. நெசவாளர் தெருக்களில் அவர் வாய்தான் கெஸட். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது, பல் வலிக்கு எந்த டாக்டர் என்பதுவரை அவர் சொன்னால்தான் நடக்கும். "அண்ணன் போயிட்டு வரட்டும், அவர் இன்னா சொல்றாருன்னு பார்த்துகினு நாங்க வர்றோம்" என்று தறிக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆக, அவர் திரும்பி வந்து சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் என் தொழில் இருந்தது. நான் வெம்பாக்கம் பக்கத்து நெல்லுக்காரன். எங்கள் ஊரில் நல்ல நெல்லை நல்ல நெல் என்போம். எனவே அவர் வாயிலிருந்து 'நல்லாருக்குது' என்று வரவழைத்துவிட்டால் போதும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

சும்மா இருக்க ஒரு தீவு

குரூப்பில் இரண்டாவதாகச் சேர்ந்தவர் ரைஸ் மில் மாணிக்கம். அவர் முதலில் கேட்டது இலங்கை அல்ல, மாலத்தீவு. மருமகன் போன் ஸ்டேட்டஸில் பார்த்தாராம். நானும் உற்சாகமாக விளக்கினேன். ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டல், தண்ணீருக்கு மேலேயே ரூம், கண்ணாடித் தரைக்குக் கீழே மீன் ஓடும் என்றேன்.

"கோயில் கீதா?" என்றார். ரிசார்ட்டில் ஏது கோயில் என்றேன். "கடைவீதி?" அதுவும் இல்லை என்றேன். "அப்ப காலைல எழுந்து இன்னா பண்றது?" என்றார். ஒன்றும் பண்ண வேண்டாம் சார், ஹாயாகச் சும்மா இருக்கலாம், உலகமே அதற்குத்தான் அங்கே போகிறது என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"சும்மா இருக்கறதுக்குத்தான் இவரு மில்லுக்குப் போறாரு. அதுக்கு எதுக்குங்க கடல் தாண்டணும்? எங்கள இலங்கையிலயே போடுங்க."

கடலை விடப் பெரியது

கிளம்புகிற அன்று ஊரே வழியனுப்ப வந்தது. ஏகாம்பரம் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா வேனில் ஏறியதுமே புளிசாதம் பிரித்துவிட்டார். செய்யாறு தாண்டினோம், காஞ்சிபுரம் தாண்டினோம், ஸ்ரீபெரும்புதூரில் நின்றோம். நின்றோம் என்றால் நின்றோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் கம்பெனி பஸ். பிளைட் போய்விடுமோ என்று எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மற்றவர்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எப்படியோ பிளைட்டைப் பிடித்தோம். ஏறி, பெல்ட் போட்டு, கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் ஆவலோடு ஏகாம்பரம் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"கடல இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாம். இதுக்கு ஸ்ரீபெரும்புதூரே தேவல."

கண்டியில் வரவேற்பு

எங்களுக்கு அங்கே கைடு யோகன். மாத்தளைக்காரர், மலையகத் தமிழர், தங்கமான மனுஷன். கண்டி ஹோட்டலில் இறங்கியதும், அந்த ஊர்ப் பாணியில் கொசுவம் வைத்துப் புடவை கட்டிய ஒரு பெண், தட்டில் ஜூஸ் டம்ளர்களோடு சிரித்தபடி வந்து நின்றாள். எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் டம்ளரை எடுப்பார்கள். எங்கள் பெண்கள் யாரும் டம்ளர் பக்கமே போகவில்லை. சரோஜா அக்கா நேராகப் போய் முந்தானையைப் பிடித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து பார்டரைக் கட்டைவிரலால் தேய்த்தார். மூன்றாமவர் அவள் தோளுக்குப் பின்னால் போய், வெளிச்சத்தில் பிடித்து, "கைத்தறியா, பவர்லூமா?" என்று விசாரணையை ஆரம்பித்தார். புடவையை எங்கே கண்டாலும் பின்பக்கம் பார்க்காமல் விட்டால் ஆரணிக்காரர்களுக்குத் தூக்கம் வராது. புடவைக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

பாவம், அந்தப் பெண் தட்டையும் விடமுடியாமல், சிரிப்பையும் விடமுடியாமல் சிலையாக நின்றாள். மேனேஜர் ஓடி வந்தார். யோகன் சிங்களத்தில் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கி யோகனிடம் ஒன்று கேட்டாள். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்:

"ஒங்க ஊர்ல வணக்கம் சொல்றது இப்படித்தானான்னு கேக்குதுண்ணே. இனிமே இந்தியாக்காரங்க வந்தா ஜூஸ் வேணாம், புடவையவே நீட்டட்டுமாங்குது."

மாணிக்கம் சோறு பார்த்தார்

நுவரெலியாவில் மதியச் சாப்பாடு. வரிசையாக எத்தனையோ அயிட்டம். மாணிக்கம் எதையும் பார்க்காமல் சிவப்பரிசிச் சோற்றிடம் போனார். ஒரு பருக்கையை எடுத்தார், நசுக்கினார், முன்பல்லில் கடித்தார், கண்ணை மூடினார். பிறகு சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னார். "ரெண்டு வருஷம் மூட்டையில கெடந்த அரிசி இது. எவனோ ஒங்க தலையில கட்டிட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். யோகன் மொழிபெயர்த்தார். சமையல்காரர் சிரித்துக்கொண்டே, அது போன மாதம் தன் சொந்தத் தம்பி வயலில் அறுத்தது என்றார்.

மில்லுக்காரர் மூன்றாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப தம்பியவே கொஞ்சம் விசாரிக்கச் சொல்லுப்பா."

ரயிலும் பாவும்

எல்ல என்ற மலையூருக்குப் போகிற அந்தப் பிரசித்தி பெற்ற ரயிலில் ஏறினோம். இதற்காகத்தான் உலகமே வருகிறது. யோகன் எனக்குப் பக்கத்தில் நின்று தொழில் நிலவரம் சொல்லிக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் வெள்ளைக்காரர்கள் வந்தால் ஒரே கடற்கரையில் வாரக்கணக்காகப் படுத்திருப்பார்களாம். இப்போது இந்தியாக்காரர்கள்தான் ஏகப்பட்ட பேர். சூட்கேஸைத் திறக்காமலே முழு நாட்டையும் முடித்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்களாம். இளவட்டங்களோ நாட்டைப் பார்ப்பதே இல்லை, ரீல்ஸில் வந்த பாலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களாம்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் தேயிலைமேல் படுத்திருந்தது. உள்ளே எங்கள் கூட்டம் மொத்தமும் போனில். "தறியில பாவு நூல் ஏத்தியாச்சா?" "ஜரிகை வந்துச்சா?" "கரண்ட்டு எப்ப வந்துச்சு? ஜல்தியா ஓட்டச் சொல்லு!" சரோஜா அக்கா வீடியோ காலில் தறியையே காட்டச் சொல்லி, மலை நடுவில் இருந்தபடி ஓர் இழை அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அருவி ஒன்று வந்தது, போனது, ஒருவரும் திரும்பவில்லை. யோகன் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உலகத்துல உள்ளவங்கல்லாம் இந்த மலையப் பார்க்க வர்றாங்கண்ணே. ஒங்க ஆளுங்க இங்க வந்து ஆரணியப் பார்க்கிறாங்க."

ஒரே ஒரு 'நல்லாருக்குது'

ஏகாம்பரம் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனுஷன் ஒரு இடத்தை விடவில்லை. தேயிலை மலையைப் பார்த்தார்: "எல்லாம் ஒரே பச்சையா கீது. நடுவுல ஒரு அரக்குக் கலர் கோடு உட்டிருக்கலாம்." பழைய அரண்மனை இருந்த சிகிரியாக் குன்றின் உச்சிவரை மூச்சு வாங்க ஏறினார்: "அரண்மனை கட்டினவன் நெழலுக்கு ஒரு வழி பண்ணல." பெந்தோட்டைக் கடலில் முழங்கால் நனைய வெகுநேரம் நின்றார், கூப்பிட்டாலும் வரவில்லை. கடைசியில் வந்து, "அலை ஒரு சீரா வர்ல. ஒண்ணு நீட்டம், ஒண்ணு குட்டை" என்றார். எனக்கு அழுகை வராத குறை. ராத்திரி படுத்தால் திருப்பதி வேனின் டயர்தான் கண்ணில் வந்தது.

ஒரே ஓர் இடத்தில்தான் அதிசயம் நடந்தது. அது ஒரு ரத்தினக் கல் கடை. உள்ளே போனவர் ஒரு சுற்று பார்த்தார், "நல்லாருக்குதுப்பா" என்றார், உடனே வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுவேனா? கடைசி நாள் மறுபடி கடற்கரைக்குப் போவதாக இருந்த திட்டத்தை ரத்து செய்துவிட்டு, யோகன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், மொத்தக் கூட்டத்தையும் திரும்ப அதே கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கூட்டம் என்னைக் கண்ணாலேயே எரித்தது. அண்ணன் இறங்கினார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாதாம்ப்பா கீது" என்று சொல்லிவிட்டுத் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

"இன்னா மோகனு, இங்க ஒனக்கு ஏதாவது கமிஷனா?"

பேனர் இறங்கியது

ஊருக்குத் திரும்பிய மறுநாள், அண்ணன் கடைக்கு எதிரே டீ குடிக்கப் போனேன். போயிருக்கக் கூடாது. அவர் கடைக்குள் தறிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். தேயிலையில் அரக்கு இல்லாதது, சிகிரியாவில் நிழல் இல்லாதது, கடல் சின்னதாக இருந்தது, அலை சீராக இல்லாதது, ஒன்றையும் விடவில்லை. அடுத்த நாளும் அதே கச்சேரி என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதும் நான் ஆபீஸுக்குப் போய் இலங்கை பேனரை அவிழ்த்துச் சுருட்டினேன். சொன்னால் வெட்கம், ஸ்டூல்மேல் நின்றபடியே கண் கலங்கிவிட்டது.

பழைய திருப்பதி போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படியில் தடதடவென்று சத்தம். தறிக்காரர் தண்டபாணி முன்னால், பின்னால் அவர் தெருவே. எல்லோர் கையிலும் பாஸ்போர்ட். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணன்தான் ஒண்ணுமே சரியில்லைன்னு சொல்லிட்டாரே?" என்றேன். தண்டபாணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆரணியில கடை வெச்சிகினு இதுகூடத் தெரியாதா? வேணாங்கற பொடவையத்தான் அவரு நல்லாருக்குதுன்னு சொல்லி மடிச்சிக் கொடுப்பாரு, நெய்யறவன் மனசு நோவக் கூடாதுன்னு. வாங்கற பொடவைன்னா பிரிச்சிப் போட்டுகினு கொறையா சொல்லுவாரு. ரெண்டு நாளா நிறுத்தாம கொற சொல்றாருன்னா, அந்த ஊரு எப்படிப்பட்ட ஊரா இருக்கணும்!"

கடைசி வாடிக்கையாளர்

கூட்டம் பெயர் கொடுத்துவிட்டு இறங்கிய பிறகு, சாயங்காலம் ஏகாம்பரம் அண்ணனே மாடியேறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சுருட்டிய பேனரைப் பார்த்தார். என் வேன் சரியில்லை, புளிசாதம் சாப்பிடுவதற்கு வாகாக வேனில் இடம் இல்லை, யோகன் அதிகம் பேசுகிறார் என்று வரிசையாக ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றுக்கும் பூரித்துப் போனேன். என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை. எழுந்து போகும்போது கதவருகில் நின்றார்.

"அடுத்த குரூப்புல எங்க ரெண்டு பேரையும் போட்டுடு. அந்த பீச்சுக்கு மட்டும் ரெண்டு நாள் வை. அலை சரியில்ல, இன்னொரு தபா பார்க்கணும்."

அன்று முதல், டூர் முடிந்து வருகிற யாராவது என் கையைப் பிடித்துக் குலுக்கி "எல்லாமே நல்லாருந்துச்சுங்க" என்று சொன்னால், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.