பட்டியில் வர வேண்டிய நட்சத்திரம்

என் அத்தானுக்கு இந்தத் தெரு வைத்த பெயர் ரசமட்டம். டைல்ஸ் ஒட்டுகிறவர், அந்தக் கருவியை வைத்துத் தரை மட்டம் பார்க்கிறவர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டே முட்டி தேய்ந்துபோனவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆட்களை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, "இந்த மூலையில சரிவைத் தப்பா விட்டிருக்காங்க" என்று அழுதுகொண்டிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். கூடப் போனவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் செருப்பைத் தேடுவது போல் வெளியே வந்துவிட்டேன்.

அக்காவும் அவரும் மேல் வீடு, நான் கீழ் வீடு. அக்கா திரைச்சீலை தைக்கும் கடையில் இருபது வருடம் மெஷின் மிதித்தவள். வெட்டி விழுந்த துண்டுகளைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுவருவாள். அந்தத் துண்டுகளைக் கோத்து இரண்டு வருடத்தில் பன்னிரண்டு கட்டங்கள் தைத்து முடித்திருந்தாள். ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை அடுக்கி, கட்டங்களுக்கு நடுவே பட்டி கொடுத்து இணைத்தால் ஒரு போர்வை.

வெறும் பட்டியாக இருந்திருந்தால் ஒரு வாரத்து வேலை. அக்காவுக்கு வெறும் பட்டி ஆகவில்லை. எப்போதோ ஒரு பத்திரிகையில் பார்த்த படம் அவள் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. நான்கு பட்டிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம். அங்கே வந்து சேரும் ஒவ்வொரு பட்டி நுனியிலும் இரண்டு சின்ன முக்கோணங்கள். எல்லாம் சேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம். பதினேழு பட்டி, ஆறு சந்திப்பு, ஆறு நட்சத்திரம். நீலத்தின் மேல் மஞ்சள். நீலத் துணியை மெஷின் மேல் எடுத்துவைத்த வாரம் ஊசி அவள் விரல் நகத்தில் இறங்கியது. அதே வாரம் படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்தாள். அப்புறம்தான் கண் டாக்டரிடம் போனோம்.

"இடது கண்ணு ஏற்கனவே போயிடுச்சும்மா, உங்களுக்கே தெரியல. வலது கண்ணு ஓரத்துலேருந்து சுருங்கிட்டு வருது. மருந்து விட்டு இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். போனது திரும்பி வராது."

"எவ்வளவு நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டார் அத்தான்.

"அதைச் சொல்ல முடியாதுங்க. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அழவில்லை. "வேற ஒண்ணும் வேணாங்க. அந்தப் போர்வையை முழுசா ஒரே ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்" என்றாள்.

"அவ்வளவுதானே? நான் தைச்சுத் தர்றேன்."

அக்காவும் நானும் சிரித்துவிட்டோம். பட்டன் அறுந்தால் சட்டையையே மாற்றிவிடுகிற மனிதர். அவர் சிரிக்கவில்லை. "கட்டம் கட்டமா இருக்கு, நடுவுல கோடு. முப்பத்தஞ்சு வருஷமா நான் வேற என்னத்தைச் செஞ்சேன்?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வினையே அந்த நியாயத்தில்தான் இருந்தது.

டைல்ஸ்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. மொத்தத்தையும் ஒரே அளவாக வெட்டி, தரையில் அடுக்கிப் பார்த்து, சரியென்றால்தான் ஒட்டத் தொடங்குவார்கள். அத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மூலைமட்டத்தை வைத்து மூன்று நாள் துணி வெட்டினார். பட்டிகளின் நுனியை முக்கோணமாக நறுக்கி எடுத்தார். அந்த இடத்தில் உட்கார நாற்பத்தெட்டு மஞ்சள் முக்கோணங்கள் வெட்டினார். எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் அடுக்கினார். பொய் சொல்லக் கூடாது, அப்படி ஓர் அடுக்கு நான் பார்த்ததில்லை. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அக்கா குனிந்து, முகத்தை மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்று கையை நீட்டினாள்.

"தொடாதே, கலைஞ்சிடும்."

தொட விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மறுநாள் முதல் பட்டியில் இரண்டு முக்கோணங்களை மெஷினில் ஓட்டிவிட்டு, அத்தான் பட்டியைக் கட்டத்தின் மேல் வைத்தார். முனை கோணிக்கொண்டு குட்டையாக நின்றது. திருப்பி வைத்தார். இழுத்துப் பார்த்தார்.

"துணி எங்கடி போச்சு?" என்றார் அக்காவிடம், அவள் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி.

அக்கா வாங்கி விரலால் தடவினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "தையலுக்கு விடலையா நீங்க?"

"எதுக்கு விடணும்?"

"தையல் ரெண்டு பக்கமும் கால் கால் இஞ்சு தின்னுமேங்க!"

"ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இடைவெளி விட்டா அளவு கூடத்தானே செய்யும்? இது என்ன குறையுது?"

அவருடைய தொழிலில் கூடுவது இங்கே குறைகிறது. பதினேழு பட்டியும் போயிற்று. நீலத் துணியில் கைக்குட்டை அளவு மிச்சம். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் திட்டினேன். "ஒண்ணை வெட்டித் தைச்சுப் பார்த்துட்டு மிச்சத்தை வெட்டினா என்ன அத்தான் குறைஞ்சு போயிடும்? ஊர் வீட்டையெல்லாம் அளக்கத் தெரியுது, இது தெரியலையா?" அத்தான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்தபின் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அன்றைக்கு அத்தனை பேசியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதே நீலம் எந்தக் கடையிலும் இல்லை. ஒன்பது நாள் அலைந்து கொஞ்சம் கருத்த நீலம் ஒன்றைக் கொண்டுவந்தார். இந்த முறை சுற்றிலும் தாராளமாக விட்டு வெட்டினார். ஒரே ஒரு பட்டிதான் வெட்டினார். மூலைவாட்டில் வெட்டிய துணி தையலில் இழுபட்டு, பட்டி வாழைக்காய் மாதிரி வளைந்தது. அடுத்ததில் முக்கோணங்கள் திசை மாறி உட்கார்ந்து, நட்சத்திரம் வர வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. தெருமுனை டெய்லரிடம் எடுத்துப் போனார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் பேண்ட்டு நீளம் குறைக்கிறவன். இதுல எது மேல் பக்கம்?" என்று கேட்டார்.

அக்காவும் இந்த மாதிரிப் பட்டி தைத்ததில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. "செய்யும்போது பார்த்துக்கலாம்னு இருந்தேன். கை எப்படியாவது கண்டுபிடிச்சிடும்னு நினைச்சேன்" என்றாள். அவளுக்குக் கை தெரியும், கண் இல்லை. அவருக்குக் கண் இருக்கிறது, கை தெரியவில்லை. எனக்கு இரண்டும் இல்லை. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள் நான். மூன்று பேரும் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு திருதிருவென்று விழித்தோம்.

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. காலையில் எழுந்ததும் அக்கா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். முதலில் கடிகாரம் முழுதும் தெரிந்தது. பிறகு எண்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. அவள் தலை அங்குமிங்கும் அசைவதை அத்தான் கதவோரம் நின்று கவனிப்பார். கவனித்துவிட்டு மெஷினிடம் போய்விடுவார்.

வழியைக் கடைசியில் கண்டுபிடித்தது அக்காதான். ஒரு மத்தியானம், நுனி நறுக்காத முழுப் பட்டி ஒன்றையும் மஞ்சள் சதுரம் ஒன்றையும் மடியில் வைத்து வெறுமனே நெருடிக்கொண்டிருந்தாள். சதுரத்தைப் பட்டியின் மூலைமேல் வைத்தாள், மூலைக்கு மூலை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்னங்க, வெட்டவே வேணாங்க! சதுரத்தை அப்படியே மூலையில வச்சு, குறுக்கால ஒரு தையல் போடுங்க. போட்டுட்டுத் திருப்பி மடிங்க. முக்கோணம் தானா வந்துடும். அடியில மிச்சம் இருக்கறதை அப்புறமா நறுக்கிக்கலாம்."

"முதல்ல ஒட்டிட்டு அப்புறம் வெட்டறதா? இது எந்த ஊரு வேலை?" என்று அத்தான் முறைத்தார். முறைத்துக்கொண்டே தைத்தார். மடித்ததும் முக்கோணம் கூர்மையாக, அளவு குறையாமல் நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அக்காவைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. அவர் நின்றது அவளுக்குத் தெரியாத பக்கம்.

அதன்பின் நாளுக்கு ஒரு பட்டி. அவர் கைக்கு அதற்குமேல் ஓடவில்லை. ஒரு தையல் கோணினால் பிரிக்க அரை நாள். "கோணலா இருந்தா இருக்கட்டும் அத்தான், சீக்கிரம் முடிங்க" என்று நான் கெஞ்சினேன். அவருக்குக் கோணலாகத் தைக்க வரவில்லை.

முடித்த அன்று கட்டிலில் விரித்தார். ஆறு நட்சத்திரமும் பளிச்சென்று இருந்தன. அக்கா குனிந்தாள். முகத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கொண்டுபோனாள். மறுபடியும் கொண்டுபோனாள்.

"மஞ்சளா ஒரு முனை தெரியுதுங்க. நகர்ந்தா அது போயிடுது, வேற ஒண்ணு வருது."

"முழுசா?"

"முழுசா வரமாட்டேங்குது." அக்கா நிமிர்ந்தாள். "நீங்க கிட்ட வந்தா மீசை மட்டும்தான் தெரியுது. தெருமுனையில வரும்போது ஆளு முழுசா தெரியறீங்க. தூரத்துல வச்சா தெரியுமோ என்னவோ."

அத்தானுக்கு உயிர் வந்தது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் பிடித்தால் எங்கள் மாடியிலிருந்து நாற்பதடி. எதிர் வீட்டு லாரி டிரைவரிடம் போய் ஒப்புதலும் வாங்கிவிட்டார். மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் விடவில்லை. அந்த எட்டு நாளும் அத்தான் ஜன்னலருகே நின்று வானத்தைத் திட்டினார். ஆறாம் நாள் மத்தியானம் நான் மேலே போனபோது அக்கா, "லைட்டைப் போடேன்டி, இருட்டிக்கிட்டு வருது" என்றாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டேன். "ம்" என்றாள். அத்தானிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லி அவர் என்ன செய்வார்?

ஒன்பதாம் நாள் நல்ல வெயில். நான் அக்காவைக் கைப்பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். எதிர் மாடியில் அத்தானும் டிரைவரும் ஆளுக்கொரு முனையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். நான் அக்காவின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினேன்.

"தெரியுதா?" என்று அத்தான் கத்தினார். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், அகலத் திறந்தாள்.

எதிர் மாடிக் கைப்பிடிச் சுவர் நெஞ்சு உயரம். போர்வையின் அடிப்பாகம் அதன் பின்னால் மறைந்துபோய், நான்கு நட்சத்திரங்கள்தான் எனக்குத் தெரிந்தன. கடைசி இரண்டும் சுவருக்குப் பின்னால். அத்தான் நிற்கும் இடத்திலிருந்து அது அவருக்குத் தெரியாது. இன்னும் தூக்கிப் பிடிக்கச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"ஆறும் தெரியுதுன்னு சொல்லுடி" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் இறுகின.

"ஆறும் தெரியுதாம் அத்தான்!" என்று கத்தினேன்.

எதிர் மாடியில் அவர் சிரித்தார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கவான்னு கேளு!"

"பிடிக்கச் சொல்லு" என்றாள் அக்கா. "நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு."

சொன்னேன். டிரைவர் கை வலித்து இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். அத்தான் மாற்றவே இல்லை.